அதிகப் புள்ளி எடுத்தவர் ஐந்தாம் இடத்தில்: ஹார்ட் கிண்ண வாக்கெடுப்பில் பாரபட்சம் எங்கே நுழைகிறது?

ஹட்டன் கரப்பந்து எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அக்கா டொரொன்டோவில் குடியேறிய பிறகு அவருடைய பிள்ளைகளோடு தொலைபேசியில் பேசுவதற்கு எனக்கு வாய்த்த பொதுப் பேச்சு ஐஸ் ஹொக்கிதான். முதலில் அவர்களுக்காகப் பார்த்தேன். இப்போது பத்து வருடமாக எனக்காகவே பார்க்கிறேன். இங்கே எழுதுகிறவர்களில் சிலருக்கும் வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹொக்கி லீக்கான என்.எச்.எல். ஆட்டங்களைப் பின்தொடரும் பழக்கம் உண்டு என்பதால், நெடுநாளாக மனத்தில் கிடக்கும் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன்.

2017-18 பருவத்தில் எட்மன்டன் ஒயிலர்ஸ் அணியின் கொனர் மெக்டேவிட் 108 புள்ளிகள் எடுத்தார். கோல் அடித்தால் ஒன்று, கோலுக்கு வழிசெய்து கொடுத்தால் ஒன்று என்று கூட்டும் கணக்கு அது. லீக்கில் அவரை விஞ்சியவர் எவருமில்லை என்பதால் ஆர்ட் ரொஸ் கிண்ணம் வாக்கெடுப்பு எதுவுமின்றி அவரிடம் வந்து சேர்ந்தது. வீரர்கள் தமக்குள் வாக்களித்து வழங்கும் டெட் லின்ட்சே விருதும் அவருக்கே கிடைத்தது. ஆனால் மிகப் பெறுமதியான வீரரைத் தெரிவு செய்ய ஹொக்கி எழுத்தாளர் சங்கத்தின் பத்திரிகையாளர்கள் வாக்களிக்கும் ஹார்ட் கிண்ணப் பட்டியலில் அவருக்கு ஐந்தாம் இடமே கிடைத்தது. வென்றவர் நியூ ஜேர்சி டெவில்ஸ் அணியின் டெய்லர் ஹோல். அவர் எடுத்தவை 93 புள்ளிகள்.

ஹோலின் பெறுமதியை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவருடைய அணியில் அவருக்கு அடுத்தபடியாக நின்றவர் 52 புள்ளிகளே எடுத்திருந்தார். ஆனால் எட்மன்டனிலும் மெக்டேவிட்டுக்கு அடுத்தவரான லியொன் டிரைசைட்டில் 70 புள்ளிகளோடு நின்றுவிட்டார். ஏறத்தாழ ஒரே பாரத்தை இருவரும் தோளில் சுமந்திருக்க, ஒருவருடைய அணி பிளேஓஃப் சுற்றுக்குள் (பருவ முடிவில் முன்னணி அணிகள் மட்டும் ஆடும் சுற்று) நுழைந்தது, மற்றவருடையது வெளியே நின்றது. அந்த ஒரு வேறுபாடு ஒரு வீரனை முதலிடத்திலிருந்து ஐந்தாம் இடத்துக்குத் தள்ளுமானால், அதைப் பாரபட்சம் என்பதா, விதி என்பதா?

இது வெறும் ஆர்வத்தால் கேட்கும் கேள்வியல்ல. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தைப்பொங்கலை ஒட்டி நடக்கும் கரப்பந்தாட்டத் தொடரில் சிறந்த ஆட்டக்காரரைத் தெரிவு செய்யும் ஐவர் குழுவில் நானும் இருக்கிறேன். ஐவரில் நால்வர் தோட்டத்தின் மேற்பிரிவுக்காரர்கள். சென்ற முறை கிண்ணம் மேற்பிரிவுப் பையனுக்குப் போனது. கீழ்ப்பிரிவு லயங்களில் அந்தப் பேச்சு சித்திரை வரையில் அடங்கவில்லை. எங்களில் எவரும் கள்ள மனத்தோடு வாக்களிக்கவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் அந்தத் தீர்ப்பு சரியானதென்று இன்றுவரை என்னால் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியவில்லை. பெரிய லீக்கின் அனுபவத்திலிருந்து ஏதாவது கற்றுக்கொள்ள முடியுமா என்று தேடுகிறேன்.

சென்கிளேயர் சாரல் எழுதியது:

தம்பி, மனிதரைக் குற்றம் சொல்வதற்கு முன் விருதின் வாசகத்தைப் பாருங்கள். ஹார்ட் கிண்ணம் "தன் அணிக்கு மிகவும் பெறுமதியானவர் எனக் கருதப்படும் வீரருக்கு" உரியது. டெட் லின்ட்சே விருதோ "மிகச் சிறந்து விளங்கிய வீரருக்கு" உரியது. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் "தன் அணிக்கு" என்ற அந்த இரண்டு சொற்களுக்குள் ஒவ்வொரு வாக்காளரும் தனக்கு வேண்டிய பொருளை வைத்துக்கொள்ள இடமிருக்கிறது. அணி பிளேஓஃப் சுற்றுக்குப் போகாவிட்டால் அந்த வீரரால் அணிக்கு என்ன பயன் என்று ஒருவர் வாசிப்பார். அவர் இல்லாவிட்டால் அணி இன்னும் எவ்வளவு கீழே போயிருக்கும் என்று மற்றவர் வாசிப்பார். இரண்டு வாசிப்பும் நேர்மையானவையே.

விதியில் பிளேஓஃப் என்ற சொல்லே கிடையாது என்பதையும் மறக்கக் கூடாது. 1954 இல் அல் ரொலின்ஸ் என்ற கோல் காப்பாளர் ஹார்ட் கிண்ணத்தை வென்றபோது அவருடைய சிக்காகோ அணி லீக்கின் கடைசி இடத்தில் கிடந்தது. பருவம் முழுவதிலும் அந்த அணிக்குக் கிடைத்த வெற்றிகள் 12 மட்டுமே. 1988 இல் மரியோ லெமியூ வென்றபோதும் பிட்ஸ்பேர்க் அணி பிளேஓஃப் சுற்றுக்குப் போகவில்லை. அப்படியானால் மாறியது விதியல்ல, அதை வாசிக்கும் வழக்கம். ஒரு தலைமுறை எழுத்தாளர்கள் ஒரு விதமாக வாசிக்கத் தொடங்கினால், அடுத்து வருகிறவர்கள் அதையே எழுதப்பட்ட சட்டமாக எண்ணிக்கொள்கிறார்கள். எனக்கு உண்மையான கவலை தருவது அந்த இடந்தான்.

அந்த வாசிப்பு எவ்வளவு மெல்லிய இழையில் தொங்குகிறது என்பதற்கு இரண்டு வருடங்களைச் சொல்கிறேன். 2000 இல் சென்ட் லூயிஸ் அணியின் பின்கள வீரர் கிறிஸ் புரொங்கர், புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்த யரோமிர் யாகரை வாக்குப் புள்ளிகளில் ஒரேயொரு புள்ளியால் முந்தினார். ஒவ்வொரு வாக்காளரும் ஐந்து பெயர்களை வரிசையாக எழுத, முதலிடத்துக்கு 10, அடுத்தடுத்த இடங்களுக்கு 7, 5, 3, 1 என்று கூட்டுகிறார்கள் என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால், எங்கோ ஒரு நகரத்தில் ஒரேயொரு எழுத்தாளர் தன் பட்டியலில் இரண்டு பெயர்களை இடம் மாற்றி எழுதியிருந்தாலே வரலாறு மாறியிருக்கும். 2002 இல் மொன்றியல் கோல் காப்பாளர் ஹோசே தியொடோரும் கல்கரியின் ஜரோம் இகின்லாவும் சமமான வாக்குப் புள்ளிகளோடு முடித்தார்கள். முதலிட வாக்குகள் கூடுதலாக இருந்ததால் கிண்ணம் தியொடோருக்குப் போனது. அந்தப் பருவத்தில் இகின்லா கோலிலும் புள்ளியிலும் லீக்கின் முதல்வர். ஆனால் கல்கரி பிளேஓஃப் சுற்றுக்குப் போகவில்லை. அந்த இரண்டு வருடங்களிலும் வீரர்களின் விருது யாகருக்கும் இகின்லாவுக்குமே போயிற்று என்பதைக் கவனியுங்கள். பனித்தளத்தில் எதிரே நின்றவர்கள் ஒன்றைக் கண்டார்கள். மேலே பத்திரிகையாளர் ஆசனத்தில் அமர்ந்தவர்கள் வேறொன்றைக் கண்டார்கள்.

டயகம வழி எழுதியது:

ஐயா சொன்ன வாசகப் பிரச்சினையை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அதற்கும் முன்னால், வாக்காளர் எதைப் பார்த்தார், எதைப் பார்க்கவில்லை என்ற கேள்வி இருக்கிறது.

என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். டொரொன்டோவில் இரவு 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம், மாரி மாதங்களில் நமக்கு விடியற்காலை 5.30 மணி. தேநீர்க் கோப்பையோடு லயத்து வாசலில் அமர்ந்து ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் இரண்டையாவது கைப்பேசியில் பார்த்துவிடலாம். லொஸ் ஏஞ்சலஸில் இரவு 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்குக் காலை 8.30, அப்போது நான் தலவாக்கலைக்குப் போகும் பஸ்ஸில் இருப்பேன், ஒவ்வொரு மலைத் திருப்பத்திலும் சிக்னல் அறுந்துவிடும். ஆகவே கிழக்கு அணிகளின் வீரர்களை அவர்களுடைய நடையைக் கொண்டே என்னால் அடையாளம் சொல்ல முடிகிறது. மேற்குக் கரை வீரர்களை முடிவுச் சுருக்கத்தின் மூலமே அறிந்து வைத்திருக்கிறேன். நாளைக்கு என்னிடம் ஒரு வாக்குச் சீட்டைத் தந்தால், எவ்வித வஞ்சமும் இல்லாமல் கிழக்கு வீரரையே மேலே எழுதிவிடுவேன். நியூ யோர்க்கிலோ பொஸ்டனிலோ இருக்கும் எழுத்தாளருக்கும் இதே நிலைதான்: தன் அணியின் ஆட்டத்தை எழுதி முடித்து வீடு திரும்பும் நேரத்தில் மேற்கில் ஆட்டம் தொடங்கும், அது முடிய நள்ளிரவு தாண்டிவிடும். 32 அணிகள், ஓர் அணிக்கு எண்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் என்றிருக்கும் லீக்கில் எல்லாவற்றையும் ஒருவர் தன் கண்ணால் பார்த்துவிட முடியாது. பார்க்காத இடத்தைப் பேச்சும் பெயரும் நிரப்பிவிடும்.

எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சான்று 2012-13 பருவத்தின் அலெக்சாண்டர் ஒவெச்கின். அதுவரை வாழ்நாள் முழுவதும் இடது விங் (பக்கவாட்டு முன்கள) வீரராக அறியப்பட்டவரை, புதிய பயிற்றுநர் அடம் ஓட்ஸ் வலது விங்குக்கு மாற்றினார். பருவம் முடிந்து ஒவ்வொரு நிலைக்கும் சிறந்த வீரரைத் தெரிவு செய்தபோது, எழுத்தாளர்களில் ஒரு பகுதியினர் அவரை வலது விங்கில் எழுதினார்கள். மறுபகுதியினர் பழைய பழக்கப்படி இடது விங்கிலேயே எழுதிவிட்டார்கள். விளைவு, ஒரே மனிதர் முதல் நட்சத்திர அணியில் வலது விங் வீரராகவும் இரண்டாம் நட்சத்திர அணியில் இடது விங் வீரராகவும் இடம்பெற்றார். அதனால் இடது பக்கத்தில் உண்மையாகவே ஆடிய ஒருவர் தனக்குரிய இடத்தை இழந்தார். அங்கே யாரும் யாரையும் வெறுக்கவில்லை. அந்த வருடத்து ஆட்டத்தைப் பார்க்காமல், சென்ற வருடத்து நினைவுக்கு வாக்களித்தார்கள்.

நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம் கதையும் இதற்கு உறவுதான். சிறந்த பின்கள வீரருக்கான நொரிஸ் கிண்ணத்தில் 1998, 1999, 2000 என மூன்று வருடம் தொடர்ந்து இரண்டாம் இடம். 2001 இல் 31 வயதில் முதல் கிண்ணம், அதன் பின்னர் மேலும் ஆறு. பெயர் எடுக்கப் பல வருடம் காத்திருந்தவருக்கு, எடுத்த பின் அந்தப் பெயரே வாக்குச் சேர்த்துக் கொடுத்தது என்பது என் எண்ணம்.

நமுனுகுல நிழல் எழுதியது:

கண்ணை நம்ப முடியாது, ஆகவே எண்ணை நம்புவோம் என்ற முடிவுக்கு யாரும் அவசரப்பட்டு வந்துவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

என் அம்மா முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். தோட்டத்தில் வருட இறுதியில் அதிகக் கொழுந்து பறித்தவருக்குப் பரிசு கொடுப்பார்கள். கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசு பொய் சொல்லாது என்பார்கள். உண்மைதான், அது பொய் சொல்லவில்லை. ஆனால் அம்மாவின் கூட்டம் பெரும்பாலும் நின்றது கல்லும் சரிவுமான பழைய விதைத் தேயிலை மலையில். புதுக்கன்று நட்ட மலையில் நின்றவர்கள் பத்து மணிக்கே கூடையை நிரப்பிக்கொண்டு மடுவத்துக்கு இறங்குவார்கள். அம்மா இடுப்பில் படங்குச் சாக்கோடு பாறை இடுக்கில் கால்வைத்து, எட்டாத செடியை வளைத்துப் பறித்தும், சில நாட்கள் நிறை போதாமல் அரைப் பேரோடு (அரை நாள் சம்பளத்தோடு) வீட்டுக்கு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். தராசு நிறையைச் சொன்னது. எந்த மலையில் நின்று பறித்தார் என்பதைச் சொல்லவில்லை. பரிசு ஒரு தடவையும் அம்மாவின் மலைப் பக்கம் வந்ததில்லை.

ஹொக்கியில் பின்கள வீரர்களின் நிலை இதுதான். நொரிஸ் கிண்ணம் "பருவம் முழுவதும் எல்லா விதத்திலும் மிகுந்த ஆற்றல் காட்டிய" பின்கள வீரருக்கு உரியது. எதிரணியின் தாக்குதலைத் தன் பகுதியின் எல்லையான நீலக் கோட்டிலேயே நிறுத்தி, பக் (ஆடும் வட்டு) தன் பக்கம் வராமலே பார்த்துக்கொள்பவரின் வேலை எந்தப் பட்டியலிலும் முழுமையாக ஏறாது. நடக்காமற்போன கோலை யார் எண்ணுவது? 1983, 1984 ஆகிய இரண்டு வருடங்களில் ரொட் லாங்வே முறையே 32, 33 புள்ளிகளோடு நொரிஸ் கிண்ணத்தை வென்றார். இன்று அந்த அளவு புள்ளிகளோடு ஒருவர் வெல்வதை நினைத்துப் பார்க்கவே முடியாது. 2023 இல் எரிக் கார்ல்சன் 101 புள்ளிகள் எடுத்தபோது, அவருடைய சான் ஹோசே அணி பட்டியலின் அடிப்பகுதியில் கிடந்தும் கிண்ணம் அவருக்கே போனது.

ஆனால் அதே கார்ல்சன் 2016 இல் கிழக்கு அணியான ஒட்டாவாவுக்கு ஆடி 82 புள்ளிகள் எடுத்தும், 51 புள்ளிகள் எடுத்த லொஸ் ஏஞ்சலஸ் வீரர் டிரூ டவுட்டியிடம் தோற்றார். டயகமத் தம்பி சொன்ன நேர வித்தியாசம் மட்டுமே காரணமாக இருந்தால், மேற்குக் கரை வீரர் வென்றிருக்கக் கூடாது. டவுட்டி நெடுநாள் காத்திருந்துவிட்டார், இந்த முறை அவருடைய முறை என்ற பேச்சு அந்தப் பருவம் முழுவதும் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு கதை நன்றாக வேரூன்றிவிட்டால் எண்ணும் தோற்றுவிடும், நேரமும் தோற்றுவிடும். தற்காப்பு என்ற அளவுகோல் 2016 இல் தீர்மானித்தது. 2023 இல் அதே அளவுகோல் அலமாரிக்குப் போய்விட்டது.

தற்காப்பில் சிறந்த முன்கள வீரருக்கான செல்க்கி கிண்ணத்தையும் பாருங்கள். 2003 இல் யெரே லெஹ்டினென் வென்ற பிறகு ஒரு விங் வீரரின் கைக்கு அது போனதாக எனக்கு நினைவில்லை. நடுவில் ஆடும் சென்டர் வீரர்களே வரிசையாக வாங்கிக்கொண்டு போகிறார்கள். பற்றிஸ் பேர்ஜரோன் மட்டும் ஆறு தடவை. அவர் அதற்கு முற்றிலும் தகுதியானவர். ஆனால் சென்டர் வீரர்தான் ஃபேஸ்ஓஃப் (ஆட்டத்தைத் தொடங்க நடுவர் போடும் பக்குக்காக இருவர் போட்டியிடுவது) எடுக்கிறார், நூற்றுக்கு எத்தனை வென்றார் என்ற கணக்கு அவருக்கு மட்டுமே கிடைக்கிறது. விங் வீரரின் தற்காப்பு வேலைக்கு அப்படிக் கையில் பிடித்துக் காட்டக்கூடிய கணக்கு இல்லை. எண்ணக்கூடியதை எண்ணுகிறோம், பிறகு எண்ணியதையே திறமை என்கிறோம். போதாக்குறைக்கு, மோதல், பறிகொடுத்தல் போன்றவற்றை ஒவ்வோர் அரங்கிலும் உள்ளூர்ப் பதிவாளர்களே குறிப்பதால், ஓர் அரங்கின் கணக்கு மற்ற அரங்கின் கணக்கோடு ஒத்துப்போவதில்லை.

பயிற்றுநருக்கான ஜெக் அடம்ஸ் விருதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதற்கு வாக்களிப்பவர்கள் ஒலிபரப்பாளர்கள். லீக்கின் வெற்றிக் கிண்ணமான ஸ்டான்லி கிண்ணத்தை ஒன்பது தடவை வென்ற பயிற்றுநரான ஸ்கொட்டி போமனுக்கு அந்த விருது 1977, 1996 என்று இரண்டே தடவைதான் கிடைத்தது. எதிர்பார்த்ததை விட அதிகம் வென்ற அணியின் பயிற்றுநருக்கே அது பெரும்பாலும் போகிறது. அந்த எதிர்பார்ப்போ பருவத் தொடக்கத்தில் இதே ஊடகத்தினர் போட்ட கணிப்பு. தங்கள் கணிப்பு பிழைத்த அளவை இன்னொருவருடைய திறமையாக அளக்கிறார்கள்.

ஹட்டன் கரப்பந்து எழுதியது:

அக்கா, உங்கள் அம்மாவின் மலையைப் பற்றிய பகுதியை வீட்டில் எல்லாரும் கேட்கச் சத்தமாக வாசித்தேன். என் தாயார் ஒன்றும் பேசாமல் கேட்டுவிட்டு, தானும் பத்து வருடம் அப்படியான மலையில் நின்றதாகச் சொன்னார். இதுவரை அதை எங்களுக்குச் சொன்னதில்லை.

ஐயாவிடம் இன்னொன்றைக் கேட்க வேண்டும். யார் யாருக்கு வாக்களித்தார் என்பதை வெளியிட்டுவிட்டால் பாரபட்சம் குறையுமா? எங்கள் குழுவில் ஒருவர், அப்படிச் செய்தால் உறவுக்குள் பகை வரும், அடுத்த வருடம் யாரும் குழுவில் இருக்க முன்வர மாட்டார்கள் என்கிறார்.

சென்கிளேயர் சாரல் எழுதியது:

எழுத்தாளர் சங்கம் 2018 முதல் தன் உறுப்பினர்களின் வாக்குச் சீட்டுகளை எல்லாரும் பார்க்க வெளியிடுகிறது. அதற்கு முன்னர் எவரோ ஒருவர் தகுதியான வீரரைப் பட்டியலிலேயே சேர்க்காமல் விட்டார் என்ற சந்தேகம் எழுந்தால், அது வருடக்கணக்காகச் சந்தேகமாகவே கிடக்கும். இன்று சீட்டு கண்முன் இருக்கிறது. 2023 இல் மெக்டேவிட் 153 புள்ளிகள் எடுத்தபோது, 196 முதலிட வாக்குகளில் 195 அவருக்கு விழுந்தன. மீதி ஒன்று யாருடையது என்று எவரும் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை.

உங்கள் நண்பரின் அச்சத்திலும் நியாயம் உண்டு. பெயர் வெளிவரும் என்று தெரிந்தால், சிலர் தாங்கள் நம்புவதை எழுதாமல் எல்லாரும் எழுதுவதையே எழுதிவிடுவார்கள். அதுவும் ஒரு வகைப் பிழைதான். ஆனாலும் இரண்டையும் தராசில் வைத்தால் திறந்த சீட்டே மேல் என்பேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. தன் நகரத்து வீரரை மேலே எழுதுகிறவர், அதற்கு ஒரு காரணத்தை மற்ற நகரங்களின் முன் சொல்லியாக வேண்டும் என்ற நிலை வந்தால், எழுதுவதற்கு முன் இன்னொரு தடவை யோசிப்பார்.

நேரத்தையும் கவனியுங்கள். ஹார்ட், நொரிஸ் வாக்குகளைப் பருவம் முடிந்து பிளேஓஃப் தொடங்கும் முன்னரே வாங்கிவிடுகிறார்கள். இறுதிச் சுற்றில் ஒருவர் அடிக்கும் அழகான கோல் ஆறு மாத உழைப்பை மறைத்துவிடக் கூடாது என்பதற்கு அது நல்ல காவல். உங்கள் சென்ற வருடத் தீர்ப்பு எப்போது எடுக்கப்பட்டது?

ஹட்டன் கரப்பந்து எழுதியது:

இறுதி ஆட்டம் முடிந்து அரை மணி நேரத்துக்குள், கோயில் மண்டபத்துப் படியில் நின்றபடியே எடுத்தோம் ஐயா. அந்தப் பையன் கடைசிச் செட்டில் அடித்த மூன்று அடிகள் எல்லார் கண்ணிலும் நின்றன. தொடர் முழுவதும் பந்தைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்த கீழ்ப்பிரிவு செட்டரின் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அவனுடைய அணி அரையிறுதியோடு வெளியேறியிருந்தது.

நேற்று இரவு குழுவாகக் கூடிப் பேசினோம். இறுதி ஆட்டத்துக்கு முந்திய நாள் மாலையில் ஒவ்வொருவரும் மூன்று பெயர்களை எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுப்பது, சீட்டுகளை மண்டபத்து அறிவித்தல் பலகையில் ஒட்டுவது, ஒவ்வொருவரும் எந்தெந்த ஆட்டங்களை நேரில் பார்த்தார் என்பதைச் சீட்டின் கீழேயே குறிப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். குழுவில் கீழ்ப்பிரிவிலிருந்து இன்னும் ஒருவரையும், தோட்டத்துக்கு வெளியிலிருந்து ஓர் ஆசிரியரையும் சேர்க்கிறோம். விருதின் வாசகத்தில் "தன் அணிக்கு" என்ற சொற்களை வைப்பதா, எடுப்பதா என்பதில் மட்டும் இரவு பதினொரு மணி வரை பேசியும் உடன்பாடு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கூடுகிறோம்.